வண்டிக்கு வந்த அழைப்பு

கடப்பாக்கத்துக் கடைத் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அரை மணி நேரம் நின்று பார்ப்பவர்கள், தமிழ்நாட்டில் ஓடுகிற மோட்டார் வண்டிகளின் எல்லா ஜாதிகளையும் எல்லாப் பிராயங்களையும் ஒருங்கே கண்டு விடலாம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பறந்து செல்லும் புத்தம் புதிய கார்கள் ஒரு புறம். ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதில்களைக் குழந்தைகளுக்குக் காட்டி வரலாமென்று குடும்பத்தை ஏற்றிக் கொண்டு புறப்பட்ட நடுவயதுக் கார்கள் மற்றொரு புறம். செய்யூருக்கும் மதுராந்தகத்துக்கும் சவாரி போகும் வாடகை வண்டிகள் சில. மூன்றாவது சொந்தக்காரரிடம் வந்து சேர்ந்த கதையை அவற்றின் மங்கிய வர்ணமே சொல்லும். இவற்றுக்கிடையே நூற்றுக்கணக்கில் மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும்.

இவ்வண்டிகளில் ஏதேனும் ஒன்றை நிறுத்தி, "ஐயா, இந்த வண்டியைச் செய்த கம்பெனியார் இதை எப்பொழுதாவது திரும்பக் கூப்பிட்டதுண்டா?" என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்? "விற்றவன் எங்கேயாவது திரும்பக் கூப்பிடுவானா, சார்! பணத்தை எண்ணி வாங்கிக் கொண்ட பிறகு அவன் யாரோ, நாம் யாரோ!" என்று சிரிப்பார்கள். சந்தையில் மாடு பிடித்தவர்களுக்கு இது நியாயமான விடைதான். ஆனால் மோட்டார் வண்டி விஷயத்தில் இது சரியன்று. விற்ற வண்டியைச் செய்தவர்களே திரும்பக் கூப்பிடுவதுண்டு. ஒன்றிரண்டல்ல, லட்சக்கணக்கில் கூப்பிடுவதுண்டு. அந்த அழைப்பு நம் வீட்டு வாசலுக்கு வந்து சேருகிறதா என்பதுதான் கேள்வி. அதைப் பற்றியே இங்கே சிறிது சொல்ல விரும்புகிறோம்.

அழைப்பு என்பது யாது?

வண்டி பழுதாவது இரண்டு விதம். டயர் தேய்கிறது, பிரேக் கட்டை கரைகிறது, பாட்டரி உயிரை விடுகிறது. இவை உபயோகத்தால் வரும் தேய்மானங்கள். கவனிக்க வேண்டியவர் சொந்தக்காரர், செலவும் அவருடையதே. மற்றொரு விதம் வேறு. வண்டியை வரைந்த எஞ்சினீயரின் கணக்கிலோ, வார்த்த இரும்பிலோ, பூட்டிய திருகிலோ, தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் பொழுதே ஒரு குற்றம் ஒளிந்து கொண்டு வந்து விடுகிறது. அது ஒரு வண்டியில் மட்டும் இராது. அதே மாதத்தில், அதே அச்சில் வார்க்கப்பட்ட ஆயிரக்கணக்கான வண்டிகளிலும் இருக்கும். சொந்தக்காரர் எவ்வளவு ஜாக்கிரதைக்காரராயினும் அவர் கண்ணுக்கு அது புலப்படாது.

பள்ளிக்கூடத்துப் பழக்கத்தால் எமக்குத் தோன்றும் உவமை ஒன்று உண்டு. பையன் கணக்கைத் தவறாகப் போட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். வினாத்தாளே தப்பாக அச்சாகி விட்டால்? அப்பொழுது பையனைக் கோபித்து என்ன பயன்? வினாத்தாளைக் கொடுத்தவர்கள்தாம் பிழையை ஒப்புக் கொண்டு, எழுதிய அத்தனை பேருக்கும் பரிகாரம் செய்ய வேண்டும். அந்த நியாயந்தான் இங்கும். குற்றம் தெரிய வந்ததும், கம்பெனியார் அந்த வரிசையைச் சேர்ந்த வண்டிகள் அனைத்தையும் தங்கள் பணிமனைகளுக்கு வரவழைத்து, குற்றமுள்ள பாகத்தைச் சோதித்து, பைசா வாங்காமல் மாற்றிக் கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதை 'ரீகால்' என்கிறார்கள். தமிழில் 'திரும்ப அழைப்பு' என்று சொன்னால் போதும்.

இவ்விடத்தில் ஒன்றை ஒளியாமல் சொல்லிவிட வேண்டும். நம் சாலைகளில் நேரும் மரணங்களுக்கெல்லாம் வண்டியின் பிறவிக் குற்றமே காரணம் என்று சொல்வோமானால் அது பொய்யாகும். 2022-ஆம் ஆண்டில் பாரத தேசத்துச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மாத்திரம் 17,884 பேர். இவற்றில் பெரும்பாலானவை அளவு மீறிய வேகத்தால் வந்தவை என்று ஸர்க்கார் அறிக்கையே கூறுகிறது. ஆயினும் வேகத்தைக் குறைப்பது நம் கையிலும் காலிலும் இருக்கிறது. பெல்ட்டை மாட்டுவதும் தலைக்கவசம் அணிவதும் நம் இஷ்டத்தில் இருக்கின்றன. வண்டியின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் குற்றமோ எவ்வளவு நிதானமாக ஓட்டுகிறவரையும் விடாது. அதற்கு உள்ள ஒரே மருந்து இந்த அழைப்புத்தான்.

நம் ஜில்லாவிலேயே நடந்தது

இதெல்லாம் சீமைச் சமாசாரம் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். செங்கற்பட்டுக்கு அருகே மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனியாரின் பெரிய தொழிற்சாலை இருந்தது நம் எல்லோருக்கும் தெரியும். 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அக்கம்பெனியார் 1,66,021 கார்களைச் சோதனைக்காகத் திரும்ப அழைத்தார்கள். அவை ஃபிகோ, ஃபியஸ்டா கிளாஸிக் என்னும் இரு வகையைச் சேர்ந்தவை. 2011 ஜனவரிக்கும் 2012 ஜூனுக்கும் இடையே சென்னைத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. ஸ்டியரிங்குக்கு எண்ணெய் கொண்டு போகும் குழாயிலும், பின் சக்கரங்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்திலும் குற்றம் இருக்கக்கூடும் என்பது காரணம். ஒன்று வண்டியைத் திருப்பும் உறுப்பைச் சேர்ந்தது. மற்றது வண்டியைத் தாங்கும் உறுப்பு. இரண்டும் வழியில் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

கார் வாங்கும் பாக்கியம் பெற்றவர்களின் கவலை இது என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்கவும் இடமில்லை. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை நடத்தும் ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் 2021 மே மாதத்தில் 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தார்கள். புல்லட், கிளாஸிக், மீட்டியார் ஆகிய வகைகள் அவை. மின்பொறி உண்டாக்கும் 'இக்னிஷன் காயில்' என்ற பாகத்தில் குற்றம். அதனால் எஞ்சின் தடுமாறலாம். அபூர்வமாக மின்கசிவும் நேரலாம் என்றார்கள். இந்தியாவில் மட்டுமன்றி மலேசியா, தாய்லாந்து, இந்தோனேஷியா, ஃபிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய தேசங்களிலும் அந்த வண்டிகள் விற்கப்பட்டிருந்தன. அழைக்கப்பட்டவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றிலேயே பாகத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்று கம்பெனியார் கணித்தார்கள். அப்படியிருந்தும் எல்லாவற்றையும் அழைத்தார்கள். எந்த வண்டியில் குற்றம் இருக்கிறது என்பது பிரித்துப் பார்த்தால் அல்லவா தெரியும்?

மின்சார ஸ்கூட்டர்கள் வந்தபின் இவ்விஷயம் இன்னும் அவசரமாயிற்று. 2022 மார்ச்சு மாதத்தில் வேலூரில், இரவில் மின்னேற்றம் செய்வதற்காக வைத்திருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் பள்ளிச் சிறுமியான மகளும் மாண்ட செய்தியை மறந்திருக்க மாட்டோம். அடுத்த மாதத்தில் பல ஊர்களில் நேர்ந்த தீ விபத்துக்களைப் பற்றி நாடெங்கும் கூச்சல் எழுந்தது. அப்பொழுது ஓகினாவா கம்பெனியார் 3,215 ஸ்கூட்டர்களையும், கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா கம்பெனியார் 1,441 ஸ்கூட்டர்களையும் சோதனைக்காகத் திரும்ப அழைத்தார்கள்.

காற்றுப் பையும் கடற்காற்றும்

இதுவரை சொன்னவை எந்த ஊரில் உள்ளவர்களுக்கும் பொது. கடற்கரையில் வாழ்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. அதுதான் உலகிலேயே மிகப் பெரிய திரும்ப அழைப்பின் கதை.

கார் எதிலாவது மோதினால் ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து ஒரு பை உப்பி வந்து ஓட்டுகிறவரின் மார்பையும் முகத்தையும் தாங்குகிறது. அதையே 'ஏர்பேக்' என்கிறோம். அது உப்புவதற்கு வேண்டிய வாயு ஒரு சிறு உலோகக் குடுவையில் அடைத்த ரசாயனப் பொருள் பற்றி எரிவதால் உண்டாகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்து விடுகிறது. ஜப்பானைச் சேர்ந்த தகாட்டா என்னும் கம்பெனியார் இக்குடுவைகளைச் செய்து உலகத்தின் பல மோட்டார் கம்பெனிகளுக்கு விற்று வந்தார்கள். அவர்கள் அதில் இட்ட பொருள் அம்மோனியம் நைட்ரேட். வயலுக்கு உரமாக இடும் சரக்குத்தான். ஈரத்தை உறிஞ்சி வைக்கும் காப்புப் பொருள் சேர்க்காமல் அதை அடைத்த குடுவைகளில், பல வருஷங்கள் வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தாக்கியதால், அப்பொருள் நைந்து போயிற்று. நைந்த பொருள் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் எரிந்தது. பை உப்புவதற்குப் பதிலாகக் குடுவையே வெடித்து, இரும்புத் துணுக்குகள் ஓட்டுகிறவரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தன. சிறு மோதலில் கீறலின்றித் தப்பியிருக்க வேண்டியவர்கள், காக்க வந்த கருவியாலேயே உயிரிழந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் இவ்விதம் மாண்டார்கள்.

அமெரிக்காவில் ஏறக்குறைய 6 கோடியே 70 லட்சம் குடுவைகளைத் திரும்ப அழைத்தார்கள். அவ்வளவையும் ஒரே சமயத்தில் மாற்ற முடியாதாகையால், எந்தப் பிரதேசத்துக்கு முதலில் என்ற வரிசை ஏற்படுத்தினார்கள். முதல் இடம் யாருக்குக் கிடைத்தது? ஃப்ளாரிடா முதலிய, வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் மிகுந்த கடற்கரை மாகாணங்களுக்கு! குளிர்ந்த மாகாணங்கள் பின்னால் நின்றன. நம்மைப் போன்ற வெப்ப தேசங்களிலும் இவ்வபாயம் கற்பனையாக இருக்கவில்லை. நம்மவர் பலர் வாழும் மலேசியாவில் 2014 ஜூலை மாதத்தில் கர்ப்பிணியான ஒரு பெண்மணி இதே குடுவையின் துணுக்குப் பாய்ந்து மாண்டார். அதற்குப் பின்னும் அந்நாட்டில் சிலர் மாண்டார்கள். தகாட்டா கம்பெனி 2017 ஜூனில் திவாலாயிற்று.

நம் நாட்டில் ஹோண்டா கம்பெனியார் 2016 ஜூலையில் 1,90,578 கார்களையும், 2018 ஜனவரியில் மேலும் 22,834 கார்களையும் இக்குடுவைகளுக்காக அழைத்தார்கள். இப்பொழுது வாசகர்கள் கடப்பாக்கத்தின் சித்திரை வைகாசி மாதங்களை எண்ணிப் பார்க்கட்டும். துவைத்த துணி காயாமல் பிசுபிசுக்கும் காற்று. நிழலில்லாத வெளியில் நிறுத்திய காருக்குள் கை வைக்க முடியாத அனல். அமெரிக்க அதிகாரிகள் முதல் வரிசையில் வைத்த பிரதேசத்துக்கு நம் கடற்கரை எவ்விதத்திலும் இளைத்ததன்று. பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முந்திய வண்டி ஒன்று இக்கரையில் ஓடுமானால், அதன் ஏர்பேக் குடுவை மாற்றப்பட்டதா என்று கேட்பது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது.

சட்டம் வந்த விதம்

அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டு ரால்ஃப் நேடர் என்ற இளம் வக்கீல், எந்த வேகத்தில் ஓட்டினாலும் அபாயம் என்ற பொருள்படும் தலைப்பில் மோட்டார் கம்பெனிகளைக் கண்டித்துப் புத்தகம் எழுதினார். அடுத்த வருஷமே அங்கே வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அன்று முதல், குற்றமுள்ள வண்டியைக் குறித்துச் சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டியது கம்பெனியின் கடமையாயிற்று. நம் நாட்டிலோ 2012 ஜூலையில் இந்திய மோட்டார் உற்பத்தியாளர் சங்கமாகிய ஸியாம், தானாக முன்வந்து அழைப்பதற்கான ஒரு நெறியை வகுத்தது. நெறி நல்லதுதான்; ஆனால் அதை மீறினால் தண்டிக்கும் சட்டம் அப்பொழுது இல்லை.

இதில் சுயமரியாதையைத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. மறைமலை நகரில் நம் பிள்ளைகள் கையால் பூட்டிய ஈகோஸ்போர்ட் கார்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அங்கே இறங்கிய வண்டிக்கு அரை நூற்றாண்டு வயதான சட்டத்தின் காவல் கிடைத்தது. அதே தொழிற்சாலையில் பிறந்து செங்கற்பட்டிலேயே விற்பனையான வண்டிக்கு அந்தக் காவல் இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் வெளிநாடு போனவனுக்கு மட்டும் குடை பிடித்தது போல் அல்லவா இருக்கிறது?

இக்குறை 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தால் பெரும்பாலும் நீங்கியது. அதன் 110-அ பிரிவு சொல்வதன் சாரம் இது: ஒரு வகை வண்டியிலுள்ள குற்றத்தால் ஓட்டுகிறவருக்கோ, பிரயாணிகளுக்கோ, சாலையில் போகிற மற்றவர்களுக்கோ, சுற்றுப்புறத்துக்கோ தீங்கு நேரக்கூடுமானால், அவ்வகை வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய ஸர்க்கார் கம்பெனிக்கு உத்தரவிடலாம். கம்பெனி முழு விலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அல்லது அதற்கு நிகரான வேறு வண்டி கொடுக்க வேண்டும்; அல்லது பழுது பார்த்துத் தர வேண்டும். தாமே குற்றத்தைக் கண்டு ஸர்க்காருக்குத் தெரிவித்து அழைக்கிற கம்பெனிக்கு அபராதம் இல்லை. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. ஸர்க்கார் உத்தரவால் அழைக்க நேர்ந்தால் அவ்விதிகளின்படி 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளைக் குறித்துச் சொந்தக்காரர்கள் புகார் செய்யலாம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரே விதமான புகார்கள் சேர்ந்தால் விசாரணை நடக்கும். சோதனை நிலையங்களின் அறிக்கையின் மேலும் நடவடிக்கை எடுக்கலாம். அத்தகைய பெரிய நிலையம் ஒன்று நமக்கு அருகே ஒரகடத்திலேயே இருக்கிறது.

தானாக அழைப்பவனுக்கு அபராதம் இல்லை என்ற விதியின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வண்டியைத் திரும்ப அழைத்த கம்பெனியைப் பற்றி, "அவன் சரக்கு மட்டம்" என்று ஏளனம் செய்வது நம்மவர் வழக்கம். உண்மையில் பயப்பட வேண்டியது அழைக்காத கம்பெனிக்கே. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் செய்த சில கார்களில், ஓடிக் கொண்டிருக்கும் பொழுதே சாவி தானாக நழுவி எஞ்சின் அணைந்து விடும் குற்றம் இருந்தது. எஞ்சின் அணைந்ததும் ஸ்டியரிங் இறுகும். ஏர்பேக்கும் வேலை செய்யாது. கம்பெனியின் உள்ளே சிலருக்கு இது சுமார் பத்து வருஷங்களாகத் தெரிந்திருந்தும், 2014-ஆம் ஆண்டில்தான் 26 லட்சம் கார்களை அழைத்தார்கள். அதற்குள் 124 பேர் மாண்டதாகக் கம்பெனியே ஏற்படுத்திய நஷ்டஈட்டு நிதி கணக்கிட்டது. ஒரு சிறு சுவிட்சின் பெயரால் நேர்ந்த மௌனத்தின் விலை அது.

கம்பெனி கடையைக் கட்டி விட்டாலும் கடமை தீர்வதில்லை. மறைமலை நகரில் கடைசி ஃபோர்டு கார் 2022 ஜூலையில் வெளிவந்தது. அதற்குப் பின்னர், 2023-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் கார்களை எஞ்சின் எண்ணெய்ப் பம்பின் குற்றத்துக்காகத் திரும்ப அழைத்தார்கள். பிறந்த வீடு மூடியிருந்தது. அழைப்பு மட்டும் வந்தது.

முகவரி தவறும் கடிதம்

சட்டம் இருக்கிறது, கம்பெனியும் அழைக்கிறது. பின் என்ன குறை? குறை கடைசி மைலில் இருக்கிறது.

ஒரு வண்டியின் வாழ்க்கையை மனத்தில் கற்பித்துப் பார்ப்போம். சென்னையில் ஒரு கனவான் புதுக் கார் வாங்குகிறார். கம்பெனியின் புத்தகத்தில் அவருடைய பெயர், வீட்டு விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் பதிவாகின்றன. ஐந்து வருஷம் ஓட்டிய பின் தரகர் மூலம் விற்று விடுகிறார். திண்டிவனத்தில் ஒருவர் வாங்குகிறார். அவர் கம்பெனிப் பணிமனைக்குப் போவதில்லை. உள்ளூர் மெக்கானிக் பாதிச் செலவில் வேலையை முடித்துத் தருகிறார். பின்னும் நாலு வருஷம் சென்று, கடற்கரை ஊரில் ஒருவர் அதை வாங்கிச் சவாரிக்கு விடுகிறார். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கும், பிரசவ வேதனைப்படும் பெண்ணைச் செங்கற்பட்டு ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போவது அந்த வண்டிதான். இப்பொழுது கம்பெனி அழைக்கிறது. கடிதம் எங்கே போகும்? அந்த வண்டியை என்றோ மறந்து விட்ட சென்னைக் கனவானின் வீட்டுக்குப் போகும். அவர் அதைப் பழைய காகிதத்தோடு சேர்த்துப் போடுவார். குற்றமோ கடற்கரைச் சாலையில் ஓடிக் கொண்டே இருக்கும்.

அபாயம் அதிகமாவது வண்டி பழசாகும் பொழுது. வண்டி பழசாகும் பொழுதுதான் அது எளியவர் கைக்கு வந்து சேருகிறது. எளியவர் கைக்கு வரும் பொழுது கடிதம் வராமல் போகிறது. இம்மூன்றும் சேர்வதே இவ்விஷயத்தின் துயரம். அமெரிக்காவிலேயே, பல வருஷங்கள் முயன்றும், லட்சக்கணக்கான தகாட்டா குடுவைகள் மாற்றப்படாமல் தங்கி விட்டன.

இதற்கு ஒரு வழி தோன்றுகிறது. எந்த வண்டியும் தப்ப முடியாத வாசல்கள் சில உண்டு. அவ்வப்பொழுது இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும். புகைச் சான்று வாங்க வேண்டும். கை மாறும் பொழுது ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாற்ற வேண்டும். வாடகை வண்டியானால் தகுதிச் சான்றும் பெற வேண்டும். அவ்விடங்களிலெல்லாம் வண்டியின் சேஸிஸ் நம்பரைத் திரும்ப அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு, "உமது வண்டிக்கு அழைப்பு நிலுவையில் இருக்கிறது" என்று சொல்லும்படி ஸர்க்கார் கட்டாயமாக்கினால், கடிதம் முகவரி தவறினாலும் செய்தி தவறாது. ஜெர்மனியில், அபாயமான குற்றத்துக்காக அழைக்கப்பட்ட வண்டியைத் திருத்தாமல் வைத்திருந்தால், அதைச் சாலையில் ஓட்ட விடாமல் தடுக்கும் அதிகாரங்கூட இருக்கிறது. அவ்வளவு கடுமை நமக்கு இப்பொழுது வேண்டாம். சொல்லியாவது அனுப்பலாமே!

நாம் செய்ய வேண்டியவை

அதுவரை காத்திராமல் நாமே செய்யக் கூடியவை உண்டு.

முதலாவது, ஆர்.சி. புத்தகத்தை எடுத்து அதிலுள்ள சேஸிஸ் நம்பரைப் பார்க்க வேண்டும். எழுத்தும் இலக்கமுமாக 17 ஸ்தானங்கள் இருக்கும். வண்டி செய்யப்பட்ட மாதமும் வருஷமும் அதிலேயே இருக்கும். இவ்விரண்டுமே நம் வண்டியின் ஜாதகம். பல கம்பெனிகளின் இணையதளத்தில் இந்த நம்பரை இட்டால் அழைப்பு உண்டா இல்லையா என்று உடனே தெரியும். கைபேசி வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளை ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லி விடும். அது முடியாதவர்கள், கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்தப் பணிமனையிலும் நம்பரைக் கொடுத்துக் கேட்கலாம்.

இரண்டாவது, பழைய வண்டி வாங்குகிறவர்கள் வர்ணத்தையும் டயரையும் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். வாங்கிய பின், தம் பெயரையும் டெலிபோன் நம்பரையும் கம்பெனியின் பணிமனையில் பதிந்து வைக்க வேண்டும். விற்கிறவர்களுக்கும் ஒரு தர்மம் உண்டு. விற்ற வண்டியைப் பற்றிக் கடிதம் வந்தால் அதை வாங்கியவருக்குத் தெரிவிப்பது ஒரு நிமிஷ வேலை. அது ஓர் உயிரைக் காக்கவுங்கூடும்.

மூன்றாவது, அழைப்பின்படி செய்யும் வேலைக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. எத்தனையாவது சொந்தக்காரர் என்ற கேள்வியும் எழுவதில்லை. குற்றம் வண்டியினுடையதே அன்றி ஆளுடையதன்று. வேலை முடிந்ததும் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதை எழுத்தில் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தோடு வைக்க வேண்டும். வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைக்கும்படி கம்பெனி சொல்லியிருந்தால், நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று சவாரி போவது கூடாது.

நான்காவது, அழைப்பு வராத குற்றம் நம் வண்டியில் தென்பட்டால் மௌனமாயிருக்கலாகாது. ஒரே குற்றம் திரும்பத் திரும்ப வருமானால், கம்பெனிக்கு எழுதுவதோடு நில்லாமல், ஸர்க்காரின் வாகன் இணையதளத்திலும் புகாரைப் பதிய வேண்டும். நம் ஒரு புகாரால் ஒன்றும் ஆகாது என்று எண்ண வேண்டாம். நாகர்கோவிலில் ஒருவர், நாமக்கல்லில் ஒருவர், கடப்பாக்கத்தில் ஒருவர் என்று சேர்ந்தால்தான் எண்ணிக்கை நிறைந்து விசாரணை தொடங்கும். குற்றமுள்ள பொருளால் காயமோ நஷ்டமோ நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி செய்தவரிடமும் விற்றவரிடமும் நஷ்டஈடு கேட்கவும் வழி உண்டு.

நம் இல்லங்களில் ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம் பழம் வைப்பது வழக்கம். நல்ல வழக்கம், நம் உயிரைச் சுமக்கும் பொருளுக்கு வருஷத்தில் ஒரு நாளாவது மரியாதை செய்கிறோம். அதே நாளில் ஆர்.சி. புத்தகத்தையும் கையில் எடுத்து அந்தப் பதினேழு ஸ்தான நம்பரைச் சரிபார்ப்பது என்ற வழக்கத்தையும் சேர்த்துக் கொண்டால் என்ன? வீட்டுத் தலைவர்கள் மறந்தால் தலைவிமார்கள் நினைவூட்டட்டும். இருவரும் மறந்தால் பிள்ளைகள் கேட்கட்டும். அண்டை வீட்டுக்காரரின் பழைய வண்டிக்கும், நம்மைச் சவாரி கொண்டு போகும் டிரைவரின் வண்டிக்கும் சேர்த்துப் பார்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. அவர்களுக்குத்தான் அந்தக் கடிதம் வருவதில்லை.